சொற்பட்டியலும் கற்போரும்: அன்றாட ஆங்கிலச் சொற்களைத் தெரிவு செய்த வரலாறு (1921–1987)

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்போருக்கு எந்தச் சொற்களை முதலில் கற்பிக்க வேண்டும் என்னும் வினா 1920களில் தனி ஆய்வுத் துறையாக உருவெடுத்தது. அமெரிக்கா, வங்காளம், ஜப்பான் ஆகிய இடங்களில் தனித்தனியே தொகுக்கப்பட்ட சொற்பட்டியல்கள் 1936ஆம் ஆண்டு அறிக்கையிலும் 1953ஆம் ஆண்டுப் பொதுப் பட்டியலிலும் ஒன்றிணைந்தன. இப்பட்டியல்கள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கற்போரை மனத்தில் கொண்டு உருவானவை என்பதையும், பட்டியல்கள் இடம்பெயர்ந்தபோது சொற்களின் எண்ணிக்கை நிலைத்து, அவற்றுக்குக் காரணமான நோக்கம் மறைந்தது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது. சொற்சேர்க்கைகளும் தொடர்களும் பட்டியல்களுக்குள் எளிதில் அடங்காமற்போனதையும், இவ்வரலாறு தென்னிந்தியப் பள்ளிகளோடு கொண்ட தொடர்பையும் எடுத்துரைக்கின்றது.

திறவுச்சொற்கள்: சொல்வரையறை, மைக்கேல் வெஸ்ட், ஹரால்டு பாமர், பேசிக் இங்கிலீஷ், சொற்சேர்க்கை, கட்டமைப்புப் பாடத்திட்டம்

1. முன்னுரை

‘அன்றாட ஆங்கிலச் சொற்கள்’ என்னும் தலைப்பில் வெளிவரும் கையேடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். ஆயிரம் சொற்கள், இரண்டாயிரம் சொற்கள் என எண்ணைச் சுட்டி அவை கற்போரை அழைக்கின்றன. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன, அன்றாடம் என்பது யாருடைய அன்றாடம் என்னும் வினாக்களை அவை எழுப்புவதில்லை.

ஒரு மொழியின் சொற்கள் அனைத்தையும் எவரும் கற்பதில்லை. தாய்மொழியாளரும் இதற்கு விலக்கல்லர். ஆகவே கற்பித்தலில் தெரிவு தவிர்க்க முடியாதது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இத்தெரிவு பாடநூலாசிரியரின் பட்டறிவுக்கும் இலக்கிய விருப்பத்துக்கும் விடப்பட்டிருந்தது. அதனை முறைப்படி செய்ய முற்பட்ட முயற்சிகள் ‘சொல்வரையறை இயக்கம்’ என்று குறிக்கப்பெறுகின்றன. அவ்வியக்கத்தின் முதன்மையான பட்டியல்கள் யாருக்காக, எந்த அளவுகோலைக் கொண்டு செய்யப்பட்டன என்பதைக் காலவரிசையில் இக்கட்டுரை ஆராய்கின்றது.

2. எண்ணிக்கை என்னும் அளவுகோல்

1921இல் அமெரிக்க உளவியலறிஞர் எட்வர்டு தார்ண்டைக் ஆசிரியர்களுக்கான சொல் நூலொன்றை வெளியிட்டார். 41 மூலங்களிலிருந்து ஏறத்தாழ 45 இலட்சம் சொற்களை எண்ணி, அவற்றுள் மிகுதியாக வந்த 10,000 சொற்களை அந்நூல் வரிசைப்படுத்தியது. 1932இல் இது 20,000 சொற்களாகவும், 1944இல் இர்விங் லார்ஜுடன் இணைந்து 30,000 சொற்களாகவும் விரிவாக்கப்பட்டது. கணினி இல்லாத காலத்தில் கையால் எண்ணிச் செய்யப்பட்ட பணி என்பதால் இதன் உழைப்பு வியப்புக்குரியது.

இப்பட்டியலின் பயனாளிகள் அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகள். அவர்கள் ஆங்கிலத்தைப் பேசிக்கொண்டே பள்ளிக்கு வருபவர்கள். வாசிப்பில் எதிர்கொள்ளும் சொற்களை ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும் என்பதே நோக்கம். எனவே எண்ணப்பட்டவை பெரும்பாலும் அச்சிட்ட நூல்களே. அவற்றுள்ளும் விவிலியமும் ஆங்கிலச் செவ்விலக்கியங்களும் பெரும்பகுதியாக இருந்தன. வீட்டிலும் தெருவிலும் வழங்கும் சொற்கள் இத்தகைய எண்ணிக்கையில் பின்தங்குவது இயல்பு. அமெரிக்கக் குழந்தைக்கு இது குறையன்று; அச்சொற்களை அது முன்பே அறியும். ஆங்கிலமே அறியாத வேற்று நாட்டு மாணவருக்கு அதே வரிசையைக் கொடுத்தால் நிலைமை வேறாகின்றது.

எண்ணிக்கைக்கும் அன்றாடத் தேவைக்கும் உள்ள இந்த இடைவெளி பேச்சை எண்ணினாலும் நீங்குவதில்லை என்பதைப் பிற்காலப் பிரெஞ்சு ஆய்வு காட்டியது. 1950களில் ஜார்ஜ் கூகன்ஹைம் தலைமையிலான குழு, பதிவு செய்யப்பட்ட உரையாடல்களிலிருந்து மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களை எண்ணியது. உணவு, உடை, வீட்டுப் பொருள் ஆகியவற்றைக் குறிக்கும் எளிய பெயர்ச்சொற்கள் பல, பேச்சுப்பதிவுகளிலும் அருகியே காணப்பட்டன. ஒருவர் முள்கரண்டியைப் பற்றி நாள்தோறும் பேசுவதில்லை. ஆயினும் அதன் பெயர் வேண்டும்போது உடனே நினைவுக்கு வரவேண்டும். இவ்வகைச் சொற்களைக் கண்டறிய, குறிப்பிட்ட பொருட்புலத்தைச் சார்ந்து மனத்தில் முதலில் தோன்றும் சொற்களை எழுதுமாறு மக்களைக் கேட்டறியும் தனிமுறையை அக்குழு கையாண்டது. மிகுதியாக வருதல் வேறு, தேவையானபோது கைக்கெட்டுதல் வேறு என்னும் வேறுபாடு இதனால் தெளிவுற்றது.

3. டாக்காவில் எழுந்த வினா

இந்தியக் கல்விப் பணியில் 1912இல் சேர்ந்த மைக்கேல் வெஸ்ட் (1888–1973), டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். இருமொழியம் குறித்து வங்காளத்தைச் சிறப்பாக முன்வைத்து அவர் எழுதிய ஆய்வு 1926இல் அரசு வெளியீடாக வந்தது. வங்காளப் பள்ளிகளில் சேர்ந்தோருள் மிகப் பலர் படிப்பை முடிக்காமலே நின்றுவிட்டனர் என்னும் உண்மையே அவ்வாய்வின் அடித்தளம்.

அன்றைய ஆங்கிலப் பாடத்திட்டம் பல்கலைக்கழகம் வரை செல்பவரை இலக்காகக் கொண்டிருந்தது. முழுப் படிப்பையும் முடித்தால்தான் பயன் கிட்டும். இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் ஆங்கிலம் படித்து விலகியவரிடம் எதுவும் எஞ்சவில்லை. இந்நிலையை விளக்க வெஸ்ட் காப்பீட்டுத் துறையிலிருந்து ஒரு கலைச்சொல்லை எடுத்தாண்டார். காப்பீட்டைத் தவணை முடியும் முன்பே கைவிடுபவருக்குத் திரும்பக் கிடைக்கும் தொகை ‘சரண்டர் மதிப்பு’ எனப்படும். அதுபோல, ஒரு பாடத்தை இடையில் கைவிடும் மாணவருக்கு அதுவரை கற்றதால் விளையும் பயன் எவ்வளவு என்று அவர் வினவினார்.

இவ்வினாவுக்கு அவர் கண்ட விடை வாசிப்பு. பேச்சும் எழுத்தும் நீண்ட பயிற்சிக்குப் பின்னரே பயன்தருபவை. வாசிக்கும் திறனோ சிறிதளவு கற்றாலும் அந்த அளவுக்குப் பயன்தரும் என்று அவர் கருதினார். பழைய வாசகங்களில் வழக்கிறந்த இலக்கியச் சொற்கள் மிகுந்திருந்ததையும், புதிய சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்கப்பட்டிருந்ததையும் கண்டு, இரு திருத்தங்களைச் செய்தார். அருகிய சொல்லுக்கு மாற்றாகப் பரவலான சொல்லை வைத்தது ஒன்று. புதிய சொற்களை இடைவெளிவிட்டு அறிமுகப்படுத்தி, ஒவ்வொன்றும் பலமுறை திரும்ப வருமாறு பாடங்களை அமைத்தது மற்றொன்று. லாங்மன்ஸ் நிறுவனம் வெளியிட்ட அவருடைய ‘நியூ மெத்தட்’ வாசகங்கள் இவ்வழியில் எழுந்தவை.

வங்காள மாணவருக்கு ஆங்கிலப் பேச்சைவிட வாசிப்பே தேவை என்ற முடிவு, ஆட்சியாளரின் கல்வித் துறையைச் சேர்ந்த ஒருவரால் எடுக்கப்பட்டது என்பதையும் கருத்தில் கொள்ளவேண்டும். அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் ஆங்கிலம் பேசுவோருக்கே மதிப்பு இருந்த காலத்தில் அம்முடிவு மறுக்கத்தக்கதே. ஆயினும் படிப்பை இடைநிறுத்துபவரை அளவுகோலாக வைத்துச் சொற்களைத் தெரிவு செய்தது, பாடத்திட்ட வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்வு என்பதில் ஐயமில்லை.

4. தோக்கியோவும் சொற்சேர்க்கையும்

டாக்காவில் வாசிப்பு முன்வைக்கப்பட்ட அதே காலத்தில் ஜப்பானில் பேச்சு முன்வைக்கப்பட்டது. ஹரால்டு பாமர் (1877–1949) 1922இல் ஜப்பானிய அரசின் கல்வித் துறைக்கு மொழி அறிவுரைஞராகச் சென்றார். மறு ஆண்டு தோக்கியோவில் ஆங்கிலம் கற்பித்தல் ஆய்வு நிறுவனம் அவர் தலைமையில் தொடங்கப்பட்டது. 1930 முதல் அந்நிறுவனம் சொல் தெரிவு குறித்த இடைக்கால அறிக்கைகளை வெளியிட்டது. எண்ணிக்கையை மட்டும் நம்பாமல், கற்பிப்போரின் பட்டறிவையும் இணைத்தே பாமர் பட்டியல்களை அமைத்தார்.

இப்பணியின்போது எழுந்த இடர்ப்பாடு ஒன்று குறிப்பிடத்தக்கது. சொல் என்று எதனை எண்ணுவது? கற்போருக்கு இடர் விளைப்பவை அருஞ்சொற்கள் அல்ல. எளிய சொற்கள் ஒன்றோடொன்று சேரும் முறையே. இச்சேர்க்கைகளைப் பாமர் தொகுத்து 1933இல் தனி அறிக்கையாக வெளியிட்டார். பகுதிகளின் பொருளை அறிந்திருந்தாலும் முழுமையைத் தனியே கற்றாக வேண்டிய சொல்தொகுதி என்பது அவர் கருத்தின் சாரம்.

தமிழ் வழியே ஆங்கிலம் கற்போரிடம் இதனைத் தெளிவாகக் காணலாம். தமிழில் மருந்து ‘சாப்பிடுகிறோம்’. ஆங்கிலத்தில் அதற்குரிய வினை உண்ணுதலைக் குறிக்கும் ‘ஈட்’ அன்று, எடுத்தலைக் குறிக்கும் ‘டேக்’. தமிழில் சந்தேகம் ‘கேட்கிறோம்’. அவ்வழக்கை அப்படியே பெயர்த்த ‘ஆஸ்க் எ டவுட்’ என்னும் தொடர் இந்திய வகுப்பறைகளில் வேரூன்றியது. விளக்கைப் ‘போடுகிறோம்’, ‘புட் தி லைட்’ என்பது ஆங்கிலேயருக்கு விளங்காது. இத்தொடர்களில் வரும் சொற்களுள் எதுவும் அரியதன்று. எந்தத் தொடக்கநிலைப் பட்டியலை முழுமையாக மனப்பாடம் செய்தவரும் இவ்விடங்களில் தடுமாறுவர்.

பாமருடன் பணியாற்றிய ஏ. எஸ். ஹார்ன்பி (1898–1978) இவ்வாய்வை அகராதியாக வளர்த்தெடுத்தார். கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகியோருடன் அவர் தொகுத்த மரபுத்தொடர், தொடரமைப்பு அகராதியைப் போர்க்காலமான 1942இல் தோக்கியோவின் கைதாக்குஷா நிறுவனம் வெளியிட்டது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் அதனை 1948இல் மறுபதிப்பாகக் கொணர்ந்தது. இன்று இந்தியக் கல்லூரி மாணவர் பலரும் பயன்படுத்தும் ஆக்ஸ்போர்டு கற்போர் அகராதியின் மூலநூல் இதுவே. ஜப்பானிய மாணவரின் பிழைகளை நீக்க மேற்கொண்ட முயற்சியே பின்னர் உலகெங்கும் பரவியது.

5. 850 சொற்களின் வாக்குறுதி

சி. கே. ஆக்டன் (1889–1957) 1930இல் அறிமுகப்படுத்திய ‘பேசிக் இங்கிலீஷ்’ மேற்கண்ட முயற்சிகளினின்று வேறுபட்டது. பள்ளி மாணவர் அவருடைய இலக்கல்லர். பல்வேறு நாட்டினர் தம்முள் தொடர்புகொள்ள ஓர் எளிய பொதுமொழியே அவர் வேண்டியது. செயற்சொற்கள் 100, பொதுப் பொருட்பெயர்கள் 400, படத்தால் காட்டத்தக்க பொருட்பெயர்கள் 200, பண்புச்சொற்கள் 150 என மொத்தம் 850 சொற்கள். வினைகள் 18 மட்டுமே. எண்ணிக்கை வழிப்பட்ட தெரிவு இதில் இல்லை. ஒரு சொல்லைப் பிற சொற்களால் விளக்கிவிட முடியுமானால் அச்சொல் நீக்கப்பட்டது.

இந்நெறி தருக்க ஒழுங்குடையது; விளைவு விந்தையானது. உண்ணுதலைக் குறிக்கும் வினை 850 சொற்களுள் இல்லை. ‘உணவு கொள்’ என்னும் பொருளில் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லவேண்டும். ‘விரும்பு’ என்பதற்கு மாற்றாக ‘விருப்பம் கொண்டிரு’ என்று கூறவேண்டும். வெள்ளாட்டைக் குறிக்கும் சொல் பட்டியலில் உண்டு. நன்றி கூறவும் விடைபெறவும் ஆங்கிலேயர் நாள்தோறும் வழங்கும் ‘தேங்க்’, ‘குட்பை’ ஆகியவை இல்லை. அறிவியல் கருத்தொன்றை விளக்க இயன்ற ஒருவர், கடைக்காரரிடம் வழக்கமான முறையில் விடைபெற இயலாத நிலை ஏற்பட்டது.

வினைகளைச் சுருக்கியதால் தொடர்கள் பெருகின. ‘புட்’, ‘கெட்’, ‘டேக்’ போன்ற எளிய வினைகள் முன்னிடைச் சொற்களோடு சேர்ந்து நீக்கப்பட்ட வினைகளின் பணியை ஏற்றன. ‘புட் அப் வித்’ என்பது ‘பொறுத்துக்கொள்’ எனப் பொருள்படும் என்பதை அதன் மூன்று சொற்களைத் தனித்தனியே அறிந்தவர் ஊகிக்க இயலாது. வெஸ்டும் அவருடைய குழுவினரும் 1934இல் டொராண்டோவில் வெளியிட்ட திறனாய்வில் இதனைச் சுட்டினர். ஒரு சொல்லின் பல பொருள்களும் மரபுத்தொடர்களும் தனித்தனியே கற்கப்பட வேண்டியவை. அவற்றைக் கணக்கில் கொண்டால் 850 என்னும் எண் கற்போரின் உண்மையான சுமையைக் காட்டாது என்பது அவர்கள் வாதம்.

1943 செப்டம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் வின்ஸ்டன் சர்ச்சில் பேசிக் இங்கிலீஷை ஆதரித்துப் பேசினார். அரசியல் ஆதரவு கிட்டியபோதும் அது நிலைபெறவில்லை. குறைந்த எண்ணிக்கையில் முழு மொழி என்னும் வாக்குறுதி மட்டும் பிற்காலக் கையேடுகளில் தொடர்ந்தது.

6. பொதுப் பட்டியலின் தோற்றம்

வெவ்வேறு இடங்களில் உழைத்தோரை ஒன்றுகூட்டும் முயற்சியாக, கார்னகி நிறுவனத்தின் ஆதரவில் 1934 அக்டோபரில் நியூயார்க்கில் மாநாடு நடைபெற்றது. தார்ண்டைக், வெஸ்ட், பாமர், சீனாவில் பணியாற்றிய லாரன்ஸ் ஃபாசெட் ஆகிய நால்வர் பெயரில் சொல் தெரிவு குறித்த இடைக்கால அறிக்கை 1936இல் வெளிவந்தது. ஏறத்தாழ 2,000 சொற்களைக் கொண்ட அப்பட்டியல், ஒவ்வொரு சொல்லின் ஒவ்வொரு பொருளும் எத்தனை விழுக்காடு வருகின்றது என்னும் குறிப்புடன் 1953இல் வெஸ்டின் பதிப்பாகப் ‘பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல்’ என்னும் வடிவம் பெற்றது.

இப்பட்டியல் எண்ணிக்கையை மட்டும் சார்ந்ததன்று. கற்றலின் எளிமை, பொருள் இன்றியமையாமை, ஒரு சொல்லின் இடத்தை மற்றொன்று நிரப்புமா என்னும் நோக்கு, நடையின் பொதுமை ஆகியவையும் கருதப்பட்டன. வெஸ்டின் மற்றொரு பணியும் இதனோடு எண்ணத்தக்கது. எண்டிகாட்டுடன் அவர் 1935இல் தொகுத்த ‘நியூ மெத்தட்’ அகராதி, 24,000 சொற்களையும் மரபுத்தொடர்களையும் 1,490 விளக்கச் சொற்களைக் கொண்டே விளக்கியது. 1978இல் வெளிவந்த லாங்மன் கற்போர் அகராதி ஏறத்தாழ 2,000 விளக்கச் சொற்களால் அமைந்தது இம்மரபின் தொடர்ச்சியே.

பொதுப் பட்டியல் பல்லாண்டுகள் பாடநூல்களுக்கும் எளிமைப்படுத்திய வாசிப்பு நூல்களுக்கும் அடிப்படையாக விளங்கியது. அதன் பரவலில் ஓர் இழப்பும் நேர்ந்தது. டாக்காவில் இடைநின்ற மாணவர், தோக்கியோவில் சொற்சேர்க்கையில் தடுமாறிய மாணவர் ஆகியோர் பெயரற்ற ‘பொதுக் கற்போர்’ ஒருவருள் கரைந்தனர். பாடநூல் எழுதுவோர் பலர் வெஸ்ட் தந்த பொருள்வாரி விழுக்காட்டை விடுத்துத் தலைச்சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டனர். கற்போர் யார் என்ற வினா இன்றியே 2,000 என்னும் எண் வழங்கலாயிற்று.

7. சென்னை மாநிலத்தில்

சொல்வரையறையின் அடுத்த கட்டம் தொடரமைப்புகளையும் வரையறுத்தது. எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுமாறு அடுக்கப்பட்ட தொடரமைப்புகளும் அவற்றினுள் பொருத்தப்பட்ட வரையறுத்த சொற்களும் கட்டமைப்புப் பாடத்திட்டம் எனப்பட்டன. 1950களின் தொடக்கத்தில் இத்திட்டம் சென்னை மாநிலப் பள்ளிகளுக்கு வந்தது. ஆசிரியர்களை இதற்கு ஆயத்தப்படுத்த, 1950களின் இறுதியில் பெருந்திட்டம் ஒன்று மேற்கொள்ளப்பட்டது. பயிற்சி பெற்ற சிறு குழுவினர் பிறருக்குப் பயிற்சியளிக்க, அவர்கள் மேலும் பலருக்குப் பயிற்சியளிக்கும் முறையில், தொடக்கநிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களை எட்டுவதே இலக்கு. உருளும்போது பெருகும் பனிப்பந்துக்கு ஒப்பிட்டு இம்முயற்சி குறிக்கப்பட்டது.

எனினும் பட்டியலும் தொடரமைப்பும் ஒழுங்காகக் கற்பிக்கப்பட்ட பின்னரும், மாணவர் வகுப்புக்கு வெளியே அவற்றைப் பயன்படுத்த இயலாமை 1970களில் உணரப்பட்டது. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, பெங்களூரிலிருந்த தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனத்துடன் இணைந்து 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட ஊர்களின் பள்ளிகளில் வேறொரு முறையைச் சோதித்தார். முன்கூட்டி வகுத்த சொற்பட்டியலோ தொடர்ப்பட்டியலோ அதில் இல்லை. தொடர்வண்டிக் கால அட்டவணையைப் படித்து விடை காணுதல், நிலப்படத்தைக் கொண்டு வழி அறிதல் போன்ற செயல்களே பாடங்கள். அச்செயலுக்கு வேண்டிய சொற்களை மாணவர் செயலின் வழியே பெற்றனர். இவ்வாய்வை விளக்கும் அவருடைய நூல் 1987இல் வெளிவந்தது.

பிரபுவின் முறை வெஸ்டின் முறைக்கு முற்றிலும் எதிரானதாகத் தோன்றும். ஒருவர் சொற்களை முன்கூட்டி வரையறுத்தார். மற்றவர் வரையறையையே விலக்கினார். எனினும் கற்றதைக் கொண்டு மாணவர் என்ன செய்ய இயலும் என்னும் வினாவில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். 1926இல் வங்காளத்தில் எழுந்து, பொதுப் பட்டியலின் பரவலில் பின்தள்ளப்பட்ட அவ்வினா, அரை நூற்றாண்டுக்குப் பின் தென்னிந்திய வகுப்பறையில் மீண்டும் முதன்மை பெற்றது எனலாம்.

8. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, அன்றாடச் சொல் என்பது ஆங்கில மொழிக்குள் ஆயத்தமாகக் கிடக்கும் ஒரு தொகுதியன்று. அமெரிக்கக் குழந்தையின் வாசிப்பு, வங்காள மாணவரின் இடைநிற்றல், ஜப்பானிய மாணவரின் பேச்சு, பன்னாட்டுத் தொடர்பு என ஒவ்வொரு நோக்கத்துக்கும் ஏற்ப அது வேறுபட்டது.

இரண்டாவதாக, எண்ணத்தக்கது சொல். கற்க அரியது சேர்க்கை. பாமரின் 1933ஆம் ஆண்டு அறிக்கை இதனை உணர்த்திய பின்னரும், பட்டியல்கள் தனிச்சொற்களையே முன்னிறுத்தின. பேசிக் இங்கிலீஷின் வரலாறு, சொற்களைக் குறைத்தால் சுமை தொடர்களுக்கு மாறுகின்றது என்பதைக் காட்டுகின்றது.

மூன்றாவதாக, தமிழ் கற்போருக்கான ஆங்கிலக் கையேடுகளும் பாடநூல்களும் எண்ணை மட்டும் மரபாகப் பெறுவது போதாது. பள்ளியை இடையில் விட்டுப் பணிக்குச் செல்பவர், அலுவலக மடல் எழுதுபவர், அயல்நாட்டில் வீட்டுவேலைக்கோ கட்டுமானப் பணிக்கோ செல்பவர் ஆகியோருக்கு ஒரே பட்டியல் பொருந்தாது. இவர்கள் ஒவ்வொருவரும் எவ்விடத்தில், யாரிடம், எதற்காக ஆங்கிலத்தைப் பயன்படுத்துகின்றனர் என்பதைத் தமிழ்நாட்டுச் சூழலில் கேட்டறிந்து தொகுப்பதும், தமிழ் வழக்குக்கும் ஆங்கில வழக்குக்கும் இடையே மாறுபடும் சொற்சேர்க்கைகளைத் தனியே தொகுப்பதும் இத்துறையில் மேற்கொள்ளத்தக்க ஆய்வுகளாகும். படிப்பைப் பாதியில் நிறுத்துபவரிடம் எஞ்சுவது என்ன என்று வெஸ்ட் எழுப்பிய வினாவை அத்தகைய ஒவ்வொரு தொகுப்பும் தன் முதல் அளவுகோலாகக் கொள்ளலாம்.